அல்வா முதல் ஜிகர்தண்டா வரை: ஒரு நடத்துநரின் சாப்பாட்டுக் கணக்கு

அரசுப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்து எனக்கு 21 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஒன்பது ஆண்டுகளாகத் திருநெல்வேலி–மதுரை தடம். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் கிளம்பினால் கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம், கடைசியாக மாட்டுத்தாவணி. சுமார் 160 கிலோமீட்டர். பைபாஸிலேயே போய்விடுகிற வண்டி அல்ல, ஊருக்கு ஊர் உள்ளே நுழைந்து ஆள் ஏற்றி இறக்கிப் போகிற வண்டி. புறப்படும் ஊரில் அல்வா, கோவில்பட்டியில் கடலை மிட்டாய், சாத்தூரில் காராச்சேவு, விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, போய்ச் சேரும் ஊரில் ஜிகர்தண்டா. டூட்டி நாளில் இரண்டு நடை. அதாவது இந்தச் சாலையை நான்கு முறை கடக்கிறேன்.

2023 கடைசியில் டிப்போவில் மருத்துவ முகாம் நடந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 116. எச்.பி.ஏ.1.சி. 6.2. எடை 82 கிலோ. இடுப்புச் சுற்றளவு 99 சென்டிமீட்டர். முகாமுக்கு வந்திருந்த டாக்டர் அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதிக் காட்டினார். எச்.பி.ஏ.1.சி. என்பது இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. அது 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அதற்கு முந்தைய நிலை. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு 80. அந்த ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்றார். “நீங்கள் அந்த 13.6 கோடியில் இருக்கிறீர்கள். அங்கிருந்து திரும்பி வர முடியும்” என்றார். அந்தத் தாளை வேபில் (டிக்கெட் கணக்குத் தாள்) பையிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது என் எடை 74, இடுப்பு 91, கடைசியாக எடுத்த எச்.பி.ஏ.1.சி. 5.7. மாத்திரை இல்லை. வெளியில் வேலை பார்த்து, கடை கடையாகக் கடந்து போகிற எவருக்கும் இதில் பாதியாவது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் மாற்றக் கூடாது. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ஓடும் வண்டியின் படிக்கட்டில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் மூன்று மாதம் நான் தோற்றேன். சபதம் எடுத்துக்கொண்டு தோற்றேன். இனி வடை தொடமாட்டேன் என்று காலையில் சொல்வேன், மாலை நாலரை மணிக்குச் சாத்தூரில் கையில் வடை இருக்கும். மனத்தில் உறுதி இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். முற்பகலில் அந்தக் கடை முன்னால் நின்றபோது வடை என்னை ஒன்றும் செய்யவில்லை. அதே கடை, அதே வடை, அதே நான். நேரம்தான் வேறு, வயிறுதான் வேறு. கடைவாசலில் நின்று முடிவெடுத்தால் அந்த முடிவைப் பசிதான் எடுக்கும். அதனால் முடிவெடுக்கும் இடத்தை மாற்றினேன். முந்தைய நாள் இரவு, சாப்பிட்டு முடித்த வயிற்றோடு, வீட்டு அடுக்களையில் நின்று மறுநாளுக்கான முடிவை எடுத்தேன். கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

முதல் வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

நடத்துநருக்கு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு எழுதிப் பழக்கம். எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட், எவ்வளவு பணம் என்று வேபிலில் ஏறிவிடும். அதே மாதிரி ஒரு பாக்கெட் நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். நேரம், இடம், வாயில் போட்டது, பசித்ததா. கடைசிக் கட்டத்தில் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பயணி கொடுத்த ஒரு முறுக்கையும் எழுதினேன். அந்த வாரம் எதையும் குறைக்கவில்லை. குறைக்கத் தொடங்கினால் எழுதுவதில் பொய் வந்துவிடும்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். 58 வரிகளில் 31 வரிகளுக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. பாதிக்கு மேல் பசிக்காமலே சாப்பிட்டிருக்கிறேன். வண்டி நின்றது, ஓட்டுநர் அண்ணன் இறங்கினார், நானும் இறங்கினேன், கை நீட்டினேன். இந்த 31-ஐயும் விடுவதற்கு உறுதியே வேண்டியிருக்கவில்லை. வண்டி நின்றதும் கடைப்பக்கம் போகாமல் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிட்டன.

மீதி 27 வரிகள் உண்மையான பசி. அவற்றில் நிறைய வரிகள் ஒரே நேரத்தில் வந்து குவிந்திருந்தன. மாலை 4 முதல் 5.30 வரை, இரவு 8 முதல் 9 வரை. சாத்தூரும் விருதுநகரும். என்னுடைய எதிரி எங்கே, எத்தனை மணிக்கு நிற்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கு அது அலுவலகம் விட்டு வரும்போது தெருமுனையில் இருக்கும் பேக்கரியாக இருக்கலாம், பிள்ளைகளைத் தூங்கவைத்த பின் திறக்கிற பிஸ்கட் டப்பாவாக இருக்கலாம். எழுதாமல் அது தெரியாது. ஊகித்துக்கொண்டு தொடங்கினால் தவறான இடத்தில் காவல் நிற்பீர்கள். நான் அல்வாவுக்கு எதிராகவும் மூன்று மாதம் காவல் நின்றேன். நோட்டில் அந்த வாரம் அல்வா ஒருமுறைகூட இல்லை.

டீ

நோட்டில் டூட்டி நாளுக்கு ஏழு டீ இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஓய்வு நாளில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், டீக்கடைக் கரண்டி அளவில் 14 கரண்டி சீனியைத் தாளில் கொட்டி நிறுத்துத் தரச் சொன்னேன். 70 கிராம். அந்தக் குவியலை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என் மகள் தன் கைப்பேசியில் தேடி, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்துக் காட்டினாள். எந்தப் பலகாரமும் சாப்பிடாமலேயே அதில் ஏறக்குறைய மூன்று மடங்கு சீனி டீயில் மட்டும் எனக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நாக்கு ஏற்காது, மூன்றாம் நாள் பழைய கரண்டிக்கே திரும்பிவிடும். இரண்டு வாரம் ஒன்றரைக் கரண்டி. அடுத்த இரண்டு வாரம் ஒரு கரண்டி. அதற்கடுத்து அரை. இரண்டு மாதத்தில் ‘வித்தவுட்’ என்று சொல்ல வாய் பழகிவிட்டது. இப்போது யாராவது தவறிப் பழைய அளவில் சீனி போட்டுக் கொடுத்தால் என்னால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

டீயின் எண்ணிக்கையையும் ஏழிலிருந்து மூன்றாக்கினேன். அதற்கு உதவியது ஒரு சிறிய கண்டுபிடிப்பு. அந்த ஏழில் நான்கு டீ எனக்குக் கொடுத்தது டீயை அல்ல. நின்று நின்று வலித்த காலுக்கு ஓய்வு, இரண்டு வார்த்தை பேச ஒரு ஆள், தலைக்கு மேல் கொஞ்சம் வானம். ஆகவே இடைவேளையை விடவில்லை, கிளாஸை மட்டும் விட்டேன். அண்ணனோடு போகிறேன், அவர் டீ குடிக்கிறார், நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நிற்கிறேன். பேச்சு அப்படியே நடக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பலரும் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. கோவில்பட்டி வெயிலில் எட்டு மணி நேரம் தொண்டை காய்ந்திருந்தால் உடம்பு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு நான் தின்றிருக்கிறேன். இப்போது இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றும், சித்திரை வைகாசியில் கூடவே ஒரு பாட்டில் நீர்மோரும் இருக்கும். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் கழிப்பறைக்குப் போய்வருவதை வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டேன்.

இரவே கட்டும் டப்பா

எனக்கு வண்டி காலை ஐந்து மணிக்கு. என் மனைவிக்கும் எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டும். மூன்றரை மணிக்கு எழுந்து எனக்குச் சமைத்துக் கொடு என்று அவளைக் கேட்பது நியாயமில்லை. உடம்பு என்னுடையது என்றால் டப்பாவும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஆண்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனைவி செய்து தராததால் வெளியே சாப்பிடுகிறேன் என்று டிப்போவில் பேசிக்கொள்கிற பலருக்குக் குக்கரில் தண்ணீர் வைக்கத் தெரியாது. இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

டூட்டிக்கு முந்தைய நாள் காலையிலேயே கொண்டைக்கடலையோ தட்டாம்பயறோ ஊறப்போட்டுவிடுவேன். இரவு ஏழு மணிக்குக் குக்கரில் வேகவைப்பேன். கூடவே நான்கு முட்டை அவிப்பேன். காய் ஒன்றை நறுக்கி வைப்பேன். காலையில் தாளித்துக் கொட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். வெயில் காலத்தில் தேங்காய் சேர்க்காதீர்கள், பத்து மணிக்கே வாடை வந்துவிடும். தயிர்ச்சாதம் கட்டுவதாக இருந்தால் பாலில் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். கீரை டப்பாவுக்கு ஆகாது, அதை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொத்தவரங்காய், பீன்ஸ், அவரைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவை மதியம் வரை தாங்கும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் பங்கு.

டப்பாவில் எது எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தட்டில் ஏறத்தாழப் பாதி காய்கறியும் பழமும். மீதிப் பாதியைச் சோறும் பருப்பு, முட்டை, மீன் போன்றவையும் பகிர்ந்துகொள்கின்றன. முன்பு என் டப்பாவில் ஐந்து கரண்டி சோறு, ஓரத்தில் ஊறுகாய் மாதிரி ஒரு கரண்டி பொரியல் இருக்கும். இப்போது இரண்டு கரண்டிச் சோறு, மூன்று கரண்டிப் பொரியல், ஒரு முட்டை அல்லது ஒரு கை பயறு. முதல் பத்து நாள் வயிறு எதையோ இழந்த மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சாப்பிடும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் பொரியல், அடுத்து முட்டை அல்லது பயறு, கடைசியில் சோறு. காயின் நார்ச்சத்து முன்னால் போய்விடுவதால் சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறும். இதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. ஆறு நிமிடத்தில் விழுங்கிவிட்டு விசிலடித்துப் பழகியவன் நான். வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தெரிய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. ஆகவே டப்பாவை இரண்டாகப் பிரித்தேன். மதியம் 1.45-க்கு நெல்லையில் முக்கால் பங்கு. மீதியைக் கோவில்பட்டி தாண்டி டிக்கெட் போட்டு முடித்ததும் இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இங்கேதான் என் நாலரை மணி எதிரி வீழ்ந்தான். கோவில்பட்டியில் 3.50, சாத்தூரில் 4.30. அந்த இடைவெளியில் ஒரு கிண்ணம் சுண்டல் உள்ளே போய்விடுகிறது. சாத்தூரில் இறங்கும்போது வடைச் சட்டி அதே இடத்தில்தான் கொதிக்கிறது, வாசனையும் அதேதான். கால் மட்டும் அந்தப் பக்கம் இழுப்பதில்லை. உங்கள் நோட்டில் எந்த நேரத்தில் வரிகள் குவிகின்றனவோ, அதற்கு அரை மணி நேரம் முன்னால் கையளவு பயறோ ஒரு முட்டையோ கொய்யாவோ சாப்பிட்டுவிடுங்கள். நான் செய்தவற்றில் மிகப் பெரிய பலன் தந்தது இது ஒன்றுதான்.

ஊர் ஊராக

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலைக்குக் கிடைத்த மரியாதை என்று எனக்குப் பெருமைதான். ஆனால் ‘வெல்லம்தானே, சீனி இல்லையே’ என்று சொல்லிக்கொண்டு ஒரு பாக்கெட்டை முடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். நானும் அப்படி முடித்தவன். வெல்லமும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும். எங்கள் பக்கம் கருப்பட்டியைப் பற்றி இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் உண்மை அதுதான். ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டுக்குப் பின், என்று வைத்துக்கொண்டேன். கடலை தின்ன ஆசையாக இருந்தால் அவித்த கடலை ஒரு கை வாங்கிக்கொள்கிறேன்.

சாத்தூரில் சேவு மட்டுமல்ல, வெள்ளரிக்காயும் பெயர் பெற்றது. சன்னல் ஓரமாக வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு வரும் ஆச்சி ஒருவர் என்னை நன்றாக அறிவார். “உப்பு மிளகாய்ப்பொடி வேண்டாம்தானே கண்டக்டர் ஐயா?” என்று கேட்டுக்கொண்டே கையில் தருவார். ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் இருக்க வேண்டும். சேவு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று போகும் நம் சாப்பாட்டில் அது மதியத்திற்குள்ளேயே தாண்டிவிடும். வெள்ளரிக்கு உப்பு தேவையே இல்லை. இரண்டு முறை வெறுமனே தின்று பாருங்கள். காராச்சேவு வாங்கினால் அரைக் கிலோ வாங்காதீர்கள். 100 கிராம் வாங்கி, வீட்டில் தட்டில் பங்கிட்டு, அன்றே முடித்துவிடுங்கள். டப்பாவில் இருக்கும் சேவுக்கு முன்னால் நான் இன்றும் பலவீனன். அதனால் என் வீட்டில் சேவு டப்பா இல்லை.

வழியில் கம்பங்கூழ் கடைகள் உண்டு. பரோட்டாவைவிட எவ்வளவோ நல்லது. ஆனாலும் சிறுதானியம் என்றாலும் அது தானியம்தான். அளவில்லாமல் குடிக்கலாம் என்பது தவறு. ஒரு சொம்பு போதும், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம்.

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பற்றி எனக்குப் பேசத் தெரியும். மைதா மாவை விசிறி, சுருட்டி, தட்டி, கல்லில் தேங்கி நிற்கும் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே அடுக்கடுக்காக மென்மையும் இருக்கும். சால்னாவை ஊற்றினால் பாதி ஊறியும் பாதி ஊறாமலும் நிற்கும். இதை வாழ்நாள் முழுக்க விட்டுவிடு என்று யாராவது சொன்னால் நான் அவர் பேச்சைக் கேட்கமாட்டேன். நான்கு வேண்டாம், இரண்டு. வாரத்துக்கு மூன்று முறை வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அன்றைக்கு மதியம் சோறு குறைவு. பரோட்டாவோடு தயிர் வெங்காயமும் ஆம்லெட்டும். அந்த நாளை முன்கூட்டியே குறித்துவைத்து, அண்ணனோடு உட்கார்ந்து, நின்றபடி விழுங்காமல் சாப்பிடுகிறேன். மற்ற நாட்களில் மாட்டுத்தாவணியில் 6.40-க்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவதால் எட்டரை மணி விருதுநகர் என்னை ஒன்றும் செய்வதில்லை. டப்பா இல்லாத நாளில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை.

அல்வா மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த ஞாயிறு. 100 கிராம் வாங்கி நான்கு பேர் பங்கிடுகிறோம். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் கலந்து இறுகிய பொருள் அது. 25 கிராமை நாக்கில் கரையவிட்டுச் சாப்பிட்டால் முழுச் சுவையும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. ஜிகர்தண்டாவை மட்டும் நான் அநேகமாக விட்டுவிட்டேன். பால், சர்க்கரைப் பாகு, ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே கிளாஸில் மூன்று நிமிடத்தில் உள்ளே போய்விடுகின்றன. மெல்லாமல் போகிற இனிப்புக்கு வயிறு கணக்கு வைப்பதில்லை. சித்திரையில் நுங்கு கிடைக்கிறது, எனக்கு அது போதும்.

வேண்டாம் என்பதைச் சொல்லும் விதம்

நம் ஊரில் சாப்பாட்டை மறுத்தால் ஆளையே மறுத்ததாக ஆகிவிடும். டைம் கீப்பர் தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கு லட்டு நீட்டும்போது ‘எனக்குச் சர்க்கரை முன்நிலை’ என்று பாடம் நடத்தக் கூடாது. வாழ்த்துச் சொல்லி, லட்டைக் கையில் வாங்கி, ஓர் ஓரம் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மகளுக்கு என்று தாளில் மடித்து வைப்பேன். அவருக்கும் நிறைவு, பொய்யும் இல்லை. வற்புறுத்துகிறவர்களிடம் காரணம் அடுக்கினால் வாதம் வளரும். “வயிறு நிறைந்திருக்கிறது அண்ணாச்சி, இன்னொரு நாள்” என்ற ஒரே வரியைச் சிரித்த முகத்தோடு இரண்டு முறை சொன்னால் போதும். மூன்றாம் முறை யாரும் கேட்பதில்லை.

கடினமானது காசில்லாத சாப்பாடு. மதுரைத் தடத்துக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் சென்னை இரவு வண்டியில் இருந்தேன். நெடுஞ்சாலை உணவகங்களில் வண்டியை நிறுத்தினால் பணியாளர்களுக்குத் தனி அறையில் சாப்பாடு, பணம் இல்லை. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா, பொரித்த கோழி. அந்த ஆறு ஆண்டுகளில் 11 கிலோ ஏறினேன். இலவசம் என்பதற்காகவே கூட இரண்டு போட்டுக்கொண்டேன், அதுதான் வருத்தம். இன்றும் அந்தத் தடத்தில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது, ஒன்பது மணிக்கு முன்பே வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டி ஏறுங்கள். அங்கே ஒரு டீயோடு, இல்லையென்றால் இரண்டு இட்லியோடு எழுந்துவிடலாம்.

தவறிய நாள்

போன ஆண்டு எங்கள் ஊர்க் கோவில் கொடைவிழா. இரண்டு நாள் கறிச்சோறு, இனிப்பு, சொந்தபந்தம். அளவு மறந்து சாப்பிட்டேன். அதற்கு நான் வருந்தவில்லை, கொடை ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆனால் ஊரிலிருந்து திரும்பிய பிறகும் ஒன்பது நாள் டப்பா கட்டவில்லை. ‘எல்லாம் போய்விட்டது, அடுத்த திங்களிலிருந்து பார்ப்போம்’ என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் ஏறியது அதிகமில்லை, அந்த ஒன்பது நாளில்தான் ஒன்றரைக் கிலோ ஏறியது. இப்போது என் வழக்கம், விருந்துக்கு அடுத்த வேளையே பழைய சாப்பாடு. பட்டினி கிடந்து ஈடுகட்டுவதில்லை. பட்டினி கிடந்தால் மாலையில் சாத்தூர் வடை ஜெயித்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் எண்ணெய்க்கு டாக்டர் சொன்ன கணக்கு, ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேருக்கு இரண்டு லிட்டர் டின் வாங்கி, மாதக் கடைசி வரை அதை ஓட்டுகிறோம். பாக்கெட் உணவின் பின்புறத்தில் சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிடப்பட்டிருக்கும். முன்பக்கம் கேழ்வரகு படம் இருந்தாலும் பின்பக்கம் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட்தான். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். நான் நிலையத்தின் நடைமேடைகளை இரண்டு சுற்று வருகிறேன். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த மறுநாள் என் நோட்டில் வரிகள் கூடுகின்றன, அதனால் ஓய்வு நாளில் முதல் வேலை தூக்கம்.

அவிக்கும் முட்டை நான்கு என்று சொன்னேன். இரண்டு எனக்கு, இரண்டு ஓட்டுநர் அண்ணனுக்கு. முதலில் மரியாதைக்காக நீட்டினேன். இப்போது அவர் வீட்டிலிருந்து கொய்யாவும் அவித்த பனங்கிழங்கும் வருகின்றன. இறங்கும்போது கடைப்பக்கம் அவர் கால் போனால் நான் கூப்பிடுகிறேன், என் கால் போனால் அவர் கூப்பிடுகிறார்.

அடுத்த பரிசோதனை மாசியில். அதற்குள் பொங்கல் வரும், வீட்டு வாசலில் கரும்புக் கட்டு வந்து சாயும். பொங்கலன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கணு, மறுநாள் மாட்டுப்பொங்கலுக்கு ஒரு கணு என்று நோட்டில் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.